கொய்மலர் சூரியகாந்தி: பூவின் அளவு இடைவெளியில் இருக்கிறது

எண்ணெய்க்குச் சூரியகாந்தி போட்டுப் பழகியவர்கள் பூங்கொத்துக்குத் தண்டோடு வெட்டி விற்கும் கொய்மலர் ரகத்தைப் பயிரிடும்போது, வீரிய ஒட்டு ரகத்துக்கான 60 x 30 செ.மீ. இடைவெளியையே இதற்கும் வைத்துவிடுகிறார்கள். பூ தாம்பாளம் போல வரும். சிக்கலே அதுதான். தண்டு தடித்துப் பூங்கொத்தில் அடங்காது, பூவின் கனத்தில் கழுத்து தொங்கும், பெட்டியில் பாதி எண்ணிக்கைகூட ஏறாது. விதைக்கு நல்லதாக இருப்பது பூக்கடைக்கு உதவாது.

புரோகட், சன்ரிச் போன்ற மகரந்தம் உதிர்க்காத ஒற்றைத் தண்டு ரகங்கள் ஒரு செடிக்கு ஒரு பூதான் தரும். அதன் அளவைப் பெரும்பாலும் நாம் விடும் இடமே தீர்மானிக்கிறது. 15 x 15 செ.மீ. விட்டால் சதுர மீட்டருக்கு 44 செடி நிற்கும். பூ சிறியதாக, தண்டு மெலிந்து, கலப்புப் பூங்கொத்துக்குப் பொருத்தமாக இருக்கும். 22 அல்லது 23 செ.மீ. என்றால் சுமார் 20 செடி, நடுத்தரப் பூ. 30 செ.மீ. என்றால் 11 செடி. மேடை அலங்காரத்துக்குத் தனிப் பூவாக வாங்குபவர் இருந்தால் மட்டும் இந்த இடைவெளி போதும். வாங்குபவரிடம் கேட்டுவிட்டு அளவுகோலை எடுங்கள். கிளைக்கும் ரகங்களின் கணக்கு வேறு: அவற்றுக்கு 45 முதல் 60 செ.மீ. வேண்டும். ஒற்றைத் தண்டு ரகத்தின் நுனியைக் கிள்ளிக் கிளைக்க வைக்க முயல வேண்டாம். குட்டையான, விற்க முடியாத தண்டுகள்தான் கிடைக்கும்.

நெருக்கி நடும்போது பலரும் தவறுவது முளைப்பின் சீரில். 15 செ.மீ. பாத்தியில் மூன்று நான்கு நாள் பிந்தி முளைத்த செடி பக்கத்துச் செடியின் நிழலில் மாட்டிக்கொள்ளும். வெளிச்சத்தைத் தேடி நூலாக நீளும், கடைசியில் பொத்தான் அளவில் ஒரு பூ வைக்கும். அதனால் விதையை ஒரே ஆழத்தில், 2 முதல் 2.5 செ.மீ. வரை, ஈரம் சீரான மேட்டுப்பாத்தியில் ஊன்ற வேண்டும். குழிக்கு இரண்டு விதை போட்டிருந்தால் விதையிலைக்குப் பிறகு வரும் முதல் ஜோடி உண்மை இலை வந்ததும் ஒன்றைக் கத்தரித்துவிடுங்கள். பிடுங்கினால் நிற்கும் செடியின் வேரும் ஆடும். மயிலோ அணிலோ கொத்திப்போன இடத்தில் பத்து நாள் கழித்து விதை போடுவதில் பயனில்லை. பாத்தியில் விதைக்கும் அதே நாளில் குழித்தட்டிலும் (நாற்று வளர்க்கும் குழிகள் உள்ள தட்டு) உபரி நாற்று விட்டு, வேர் சுருளும் முன் நடலாம். நிரப்பாமல் விட்டால் காலி இடத்தை ஒட்டிய செடிகள் மட்டும் பெருத்து, கட்டு ஒரே அளவில் அமையாது. பாத்தியின் ஓர வரிசையிலும் இதே கதை. ஓரப் பூக்களைத் தனிக் கட்டாகப் போடுவது உத்தமம்.

நெருக்கத்தின் விலை நோய். இலைகள் பின்னிக்கொண்டால் காற்று புகாது, ஈரம் காயாது. ஆல்டர்னேரியா இலைப்புள்ளி என்ற பூஞ்சை நோய் கீழிலையில் தொடங்கி மேலேறும். தெளிப்பு நீர் வேண்டாம், சொட்டு நீரைக் காலையில் விடுங்கள். மழைக்காலப் பாத்திக்கு 15 செ.மீ. துணிச்சல் தேவையில்லை, 20க்கு மேல் போகலாம். தழைச்சத்தைக் கூட்டுவதும் வீண். நெருக்கத்தில் அது இலையாகவும் சாயும் தண்டாகவும்தான் போகும்.

ஒற்றைத் தண்டு ரகம் ஏறத்தாழ ஒரே சமயத்தில் மலரும். இதழ்கள் நடுத்தட்டிலிருந்து எழும்பத் தொடங்கும்போதே, காலையில் வெட்ட வேண்டும். நெருக்கிய பாத்தி ஒன்றிலேயே சில நாளில் நூற்றுக்கணக்கில் பூ வந்துவிடும் என்பதால், ஒரு வாரத்தில் விற்க முடிந்த அளவுக்கு மட்டும் விதைத்து, அடுத்த பாத்தியை 7 முதல் 10 நாள் தள்ளிப் போடுங்கள்.