பாட்டு டிஸ்கில் இரட்டைக் கோப்பு தேடும் முன்

ஆடி பிறந்துவிட்டால் கடலூர், புதுச்சேரி வட்டாரத்து மைக் செட் கடைகளுக்கு ஓய்வே இருக்காது. அதற்குள் பாட்டு டிஸ்கைச் சுத்தம் செய்துவிட வேண்டும் என்று பலரும் இறங்குகிறார்கள். கேசட்டிலிருந்து ஏற்றியது, ஞாயிறு சந்தையில் வாங்கிய எம்பி3 சிடியிலிருந்து எடுத்தது, வாட்ஸ்அப்பில் வந்தது என்று ஒரே அம்மன் பாட்டு நாலு ஃபோல்டரில் கிடக்கும். இரட்டைக் கோப்பு தேடும் மென்பொருளில் கண்ணில் பட்டதை இறக்கி, எல்லாவற்றையும் டிக் செய்து, ‘டெலிட்’ தட்டுகிறார்கள். வேறெங்கும் நகல் இல்லாத நாதஸ்வரப் பதிவுகள் தொலைவது அங்கேதான்.

எந்த மென்பொருளை எடுத்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, அது எதை வைத்து ‘இரண்டும் ஒன்று’ என்று சொல்கிறது என்பதை. அதில் மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, கோப்பின் உள்ளடக்கத்தை பைட் பைட்டாக ஒப்பிடுவது. விண்டோஸில் ஆல்டூப், லினக்ஸில் எஃப்டூப்ஸ் இதைச் செய்யும். ஒன்று என்று காட்டினால் நம்பி எடுத்துவிடலாம். ஆனால் ஒரு நகலின் டேகில், அதாவது கோப்புக்குள்ளேயே எழுதியிருக்கும் தலைப்பு, கலைஞர் விவரத்தில், ஒரே ஓர் எழுத்தைத் திருத்தியிருந்தாலும், அட்டைப்படம் சேர்த்திருந்தாலும், ஒலி துளியும் மாறாமலே இரண்டும் வேறு வேறு என்று சொல்லிவிடும். பழைய வகை ஐடி3 டேக் என்பது எம்பி3 கோப்பின் கடைசி 128 பைட்தான். அது மாறினாலே போதும். ஒலித்தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் கோப்புகளில் இந்தத் தொல்லைக்கு மருந்து உண்டு. ஒலியை மட்டும் வைத்துக் கணக்கிட்ட எம்டி5 என்ற அடையாள எண் கோப்பின் தலைப்பகுதியிலேயே எழுதப்பட்டிருக்கும். டேக் எப்படி மாறினாலும் அந்த எண் மாறாது.

இரண்டாம் வழி, டேகையும் பெயரையும் ஒப்பிடுவது. தமிழ்ப் பாட்டுக்காரர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். சிடியிலிருந்து எடுத்த கோப்புகளில் பாதிக்கு ‘ட்ராக் 01’, ‘அன்நோன் ஆர்டிஸ்ட்’ என்றுதான் டேக் இருக்கும். தலைப்பையும் கலைஞரையும் மட்டும் பார்க்கும் மென்பொருளுக்கு முப்பது சிடியின் முதல் பாட்டும் ஒரே பாட்டு. கல்யாண நாதஸ்வரத்திலும் இதே கதை: ஒரே கீர்த்தனையை நான்கு வித்வான்கள் வாசித்திருப்பார்கள், தலைப்பு ஒன்றாக இருக்கும். தலைப்போடு கால அளவையும் சேர்த்து ஒப்பிடும் வசதி இல்லாத மென்பொருளை இந்த வேலைக்குத் தொடவே வேண்டாம்.

இதற்கு நேர்மாறான தவறும் நடக்கும். ‘கோயில்’ என்ற சொல்லில் ‘கோ’வை யூனிகோடில் (கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறை) இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: க-வும் ஓகாரக் குறியுமாக இரண்டு குறியீடுகள், அல்லது க, இரட்டைச் சுழி, கால் என்று மூன்று. திரையில் வித்தியாசமே தெரியாது. பழைய மேக் கணினிகள் பிரித்துச் சேமிக்கும். விண்டோஸில் தட்டினால் பெரும்பாலும் சேர்ந்தே வரும். புதுச்சேரியில் பிரெஞ்சுப் பாட்டு வைத்திருப்பவர்களுக்கும் மேற்குறி போட்ட எழுத்துகளில் இதே சிக்கல். பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடும் மென்பொருள் இரண்டையும் வேறு என்றே சொல்லும்.

மூன்றாம் வழி, ஒலியின் கைரேகை: பாட்டின் ஒலியிலிருந்தே ஓர் அடையாளத்தை எடுத்து ஒப்பிடுவது. ச்காவ்கா என்ற இலவச மென்பொருளில் இந்த வசதி இருக்கிறது. பிட்ரேட் (ஒரு விநாடி ஒலிக்குச் செலவாகும் தரவின் அளவு) வேறானாலும், எம்பி3யும் ஃபிளாக்குமாக இருந்தாலும் ஒரே பதிவை இது அடையாளம் காணும். கோப்பைத் திறந்து கேட்டுப் பார்ப்பது போன்ற வேலை என்பதால் நேரம் பிடிக்கும். பெரிய டிஸ்க் என்றால் ராத்திரி போட்டுவிட்டுப் படுக்கலாம். கேசட் பதிவுகளில்தான் இது தடுமாறும். இரண்டு டெக்குகளின் மோட்டார் வேகம் சற்றே மாறினால் சுருதியும் மாறும், கைரேகையும் மாறிவிடும்.

இதே வகையில், கைரேகை எடுக்கும் குரோமாபிரிண்ட் என்ற மென்பொருளின் கருவி, வேறு அளவு சொல்லாவிட்டால், முதல் 120 விநாடியை மட்டுமே பார்க்கும். கடற்காற்றில் துருவேறிய யூஎஸ்பி முனையால் பாதியில் அறுந்த நகலும் முழுப் பாட்டும் அதற்கு ஒன்றுதான். சில கோப்புகளின் தலைப்பகுதியில் பழைய கால அளவு அப்படியே இருப்பதால், வால் அறுந்த பாட்டையும் பிளேயர் ஐந்து நிமிடம் என்றே காட்டும். ஒரே பிட்ரேட்டில் சைஸ் பாதியாக இருந்தால் சந்தேகப்படுங்கள். கடைசி அரை நிமிடத்தை ஓட்டிக் கேளுங்கள்.

எதை வைத்துக்கொள்வது? பெரிய கோப்பு நல்ல கோப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐந்து நிமிடப் பாட்டு 128 கேபிபிஎஸ்ஸில் சுமார் 4.8 எம்பி, 320இல் 12 எம்பி. 128இல் இருந்ததை யாரோ 320ஆக மாற்றியிருந்தால் எடைதான் கூடியிருக்கும், ஒலி கூடியிருக்காது. ஒலியின் அதிர்வெண்களைப் படமாகக் காட்டும் ஸ்பெக் என்ற சிறிய மென்பொருளில் திறந்து பாருங்கள். நிஜ 320 சுமார் 20 கிலோஹெர்ட்ஸ் வரை போகும். போலி, கத்தியால் வெட்டியதுபோல் 16 பக்கத்தில் நின்றுவிடும். கேசட் பதிவுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அதில் மேல்சுரம் இயல்பிலேயே குறைவு.

வேலையை இந்த வரிசையில் செய்யலாம். முதலில் முழு டிஸ்கையும் இன்னொரு டிஸ்கில் நகலெடுங்கள். பைட் ஒப்பீட்டை முதலில் ஓட்டுங்கள். பாதிக் குப்பை அதிலேயே போய்விடும். அடுத்து கைரேகை. டேக் ஒப்பீடு கடைசியில், அதுவும் ஒவ்வொன்றாகக் காதால் கேட்டு. டூப்குரு என்ற இரட்டைக் கோப்பு தேடும் மென்பொருளில் ஒரு ஃபோல்டரை ‘ரெஃபரன்ஸ்’ என்று குறித்துவிட்டால் அதிலுள்ள எதையும் அது அழிக்காது. கேசட்டிலிருந்து ஏற்றிய ஃபோல்டருக்கு அந்தக் காப்பைக் கட்டாயம் போடுங்கள். அழிப்பதற்குப் பதில் ‘மூவ்’ கொடுத்து வேறு ஃபோல்டருக்கு ஒதுக்குங்கள். பென் டிரைவில் அழித்தது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது, நேராகப் போய்விடும்.

தேடுவது இலவசம், அழிக்கப் பணம் என்று கடைசியில் கை நீட்டும் மென்பொருள்கள் நிறைய. அதற்காகக் கிராக் தேடிப் போனால் வைரஸும் கூடவே வரும். மேலே சொன்ன எல்லாமே காசில்லாமல் கிடைப்பவை. அவரவர் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

இடம் மிச்சமாகும் என்று மட்டும் இதில் இறங்க வேண்டாம். 128இல் ஆயிரம் பாட்டை நீக்கினாலும் 5 ஜிபிதான். 1 டிபி டிஸ்கில் அது அரை சதவீதம். பந்தலில் கேட்ட பாட்டு உடனே கிடைக்கிறதா என்பதற்காகத்தான் இந்த வேலை. எனவே கோப்புகளை நகர்த்தியதும், விசேஷத்துக்கு முன்பே ஒவ்வொரு பிளேலிஸ்ட்டையும் திறந்து ஓட்டிப் பாருங்கள். பழைய ஃபோல்டரைக் காட்டும் வரிகள் ஊமையாகியிருக்கும். ஒதுக்கி வைத்த ஃபோல்டரை ஆடியும் ஆவணி முகூர்த்தங்களும் முடியும்வரை தொடாதீர்கள்.