ஸ்க்ரூவைத் திருப்புவதற்கு முன்: பழைய போர்ட்டபிள் டைப்ரைட்டருக்குள் என்ன நடக்கிறது?

பல வருடம் மூடிக் கிடந்த ஒரு போர்ட்டபிள் டைப்ரைட்டர் கைக்கு வருகிறது. கீயை அழுத்தினால் எழுத்து மேலே போகிறது, ஆனால் திரும்பி வர மறுக்கிறது. வரி முடியப்போகும் இடத்தில் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. ஏதோ தளர்ந்துவிட்டது போல, ஸ்க்ரூவை இறுக்கினால் சரியாகிவிடும் என்று கை திருப்புளியைத் தேடும்.

கொஞ்சம் பொறுக்கலாம். தொழிற்சாலையில் அளவு பார்த்து வைத்த ஸ்க்ரூக்கள் லாக் நட்டின் பிடியில் பெரும்பாலும் வைத்த இடத்திலேயே இருக்கும். இத்தனை காலத்தில் உள்ளே நிச்சயமாக மாறியவை இரண்டு: எண்ணெய் பிசினாகிவிட்டது, ரப்பர் இறுகிவிட்டது. வீட்டில் செய்யக்கூடிய பழுதுபார்ப்பில் பெரும்பகுதி இந்த இரண்டையும் எதிர்கொள்வதுதான்.

சொல்லப்போனால் இந்தப் பொறிகளை உருவாக்கியவர்கள் இடத்தையும் எடையையும் சேமிக்கப் படாத பாடு பட்டிருக்கிறார்கள். 1912-இல் வந்த கொரோனா 3, மடித்து எடுத்துப் போகக்கூடியது. எடை மூன்று கிலோவுக்கும் குறைவு. மார்செல்லோ நிட்சோலி வடிவமைத்து 1950-இல் வெளியான ஒலிவெட்டி லெட்டெரா 22 சுமார் 3.7 கிலோ. அலுவலக மேசையில் உட்காரும் பெரிய பொறியின் எடை இதைப்போல மூன்று நான்கு மடங்கு. இளைத்த உடம்பில் எல்லாப் பாகங்களும் நெருக்கமாக இருக்கின்றன. ஸ்பிரிங்குகள் மெல்லியவை. அதனால் பெரிய பொறி பொறுத்துக்கொள்ளும் அழுக்கை இது பொறுத்துக்கொள்வதில்லை.

முதலில் ஒரு கீ அழுத்தப்படும்போது நடப்பதைப் பார்ப்போம். விரல் கீழே இறங்கும் தூரம் ஒரு சென்டிமீட்டரைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். அதற்குள் நெம்புகோல்களும் இணைப்புக் கம்பிகளும் சேர்ந்து டைப் பார் எனப்படும் மெல்லிய உலோகக் கையைக் கிட்டத்தட்டக் கால் வட்டம் சுழற்றி, அதன் நுனியிலுள்ள அச்செழுத்தை ரப்பர் உருளைக்குக் கொண்டுவந்து விடுகின்றன. தூரமும் வேகமும் பெருகுகின்றன, அதற்கு விலையாக விசை குறைகிறது. அதனால்தான் அச்சு விழுவதற்கு விரலின் அழுத்தத்தைவிட வேகமே முக்கியம். விரல் எழுத்தைக் காகிதத்தில் அழுத்துவதில்லை, அதை நோக்கி வீசுகிறது. மோதும் கணத்தில் டைப் பாரிடம் இருக்கும் இயக்க ஆற்றல்தான் ரிப்பனிலிருந்து மையைக் காகிதத்துக்கு மாற்றுகிறது. அந்த ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், கீயை மெதுவாக அழுத்திப் பார்த்துவிட்டு “எழுத்து மங்கலாக விழுகிறதே” என்று பொறியைக் குறை சொல்வது நியாயமில்லை. வெடுக்கென்று தட்டி, விரலை உடனே எடுத்துவிட வேண்டும். கணினி விசைப்பலகையில் பழகிய கைக்கு இது வர சில நாள் ஆகும்.

திரும்பி வருவது வேறு கதை. போகும்போது டைப் பாருக்கு விரலின் பலம் இருக்கிறது. வரும்போது அதற்கு இருப்பது ஒரு மெல்லிய ஸ்பிரிங்கும் தன் சொந்த எடையும் மட்டுமே. ஆகவே உராய்வு கொஞ்சம் கூடினாலும் கோளாறு முதலில் திரும்பும் பயணத்தில்தான் தெரியும். மேலே போன எழுத்து அங்கேயே நின்றால் ஸ்பிரிங்கைச் சந்தேகிக்க வேண்டாம், அழுக்கைச் சந்தேகிக்கலாம்.

அந்த அழுக்கு சேரும் இடம் செக்மெண்ட். அரைவட்ட வடிவிலான உலோகத் துண்டு அது. அதில் நாற்பதுக்கு மேற்பட்ட குறுகிய வெட்டுகள் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு டைப் பார் அசையும். பாருக்கும் வெட்டின் சுவருக்கும் இடையே இருப்பது மயிரிழை இடைவெளி. கூடுதலாக இருந்தால் எழுத்து பக்கவாட்டில் ஆடும், அதனால் வேண்டுமென்றேதான் இப்படிக் குறுக்கி வைத்திருக்கிறார்கள். யாரோ ஒருவர் எப்போதோ நல்லெண்ணத்தோடு அதில் எண்ணெய் விட்டிருப்பார். எண்ணெயின் மூலக்கூறுகள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு மெல்ல மெல்ல வினைபுரிந்து, ஒன்றோடொன்று பிணைந்து நீளமான சங்கிலிகளாகின்றன. திரவமாக இருந்தது பசையாகி, பிறகு வார்னிஷ் போல இறுகிவிடுகிறது. தூசியும் அழிப்பானின் துகள்களும் அதில் ஒட்டிக்கொள்கின்றன.

இப்போது மறுபடி எண்ணெய் விட்டால் என்ன ஆகும்? பசை தற்காலிகமாக இளகும், கீகள் சட்டென்று ஓடும், மனம் குளிரும். சில வாரங்களில் பழைய நிலைக்கே திரும்பும், இன்னும் கூடுதல் பசையோடு. துரு இளக்கும் ஸ்ப்ரேக்களும் இதையேதான் செய்கின்றன: அவற்றிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் போய்விடும், எண்ணெய் உள்ளேயே தங்கிவிடும். செக்மெண்ட் உலர்ந்த நிலையில் வேலை செய்ய வேண்டிய பாகம். இந்த ஒரு விதியை மட்டும் நினைவில் வைத்திருந்தாலே பாதிப் பொறிகள் பிழைத்துவிடும்.

தேவை எண்ணெய் விடாத கரைப்பான். மினரல் ஸ்பிரிட் அல்லது லைட்டரில் ஊற்றும் நாப்தா போதும். இரண்டும் தீப்பற்றக்கூடியவை, ஜன்னலைத் திறந்து வைத்து, நெருப்பு எதுவும் அருகில் இல்லாமல், கையுறையோடு வேலை செய்ய வேண்டும். கரைந்த அழுக்கு உள்ளே போகாமல் வெளியே வடியும்படி பொறியைச் சாய்த்து வைத்து, சிறு பிரஷ்ஷால் வெட்டுகளில் தடவி, ஒவ்வொரு கீயையும் பலமுறை அசைத்து, பழுப்பு நிறத்தில் வடிவதைத் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரே தடவையில் முடியாது. வடிவது தெளிவாகும்வரை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியதுதான். ஆல்கஹால் சில பழைய பெயிண்டுகளையும் அவற்றின் மேலுள்ள எழுத்துகளையும் கரைத்துவிடும். மறைவான ஓரத்தில் சோதித்துப் பார்க்காமல் தொடக்கூடாது. அசிட்டோன் பிளாஸ்டிக் கீகளை உருக்கிவிடும், அதை இந்த வேலைக்கு எடுக்கவே வேண்டாம்.

சுத்தம் செய்த பிறகும் ஒரே ஒரு எழுத்து மட்டும் தயங்கினால், அந்தப் பார் வளைந்து பக்கத்துப் பாரையோ செக்மெண்டின் சுவரையோ உரசுகிறது என்று பொருள். எல்லாமே தயங்கினால் கீழேயுள்ள இணைப்புக் கம்பிகளின் மூட்டுகளிலும் பசை இருக்கிறது.

அடுத்தது எஸ்கேப்மென்ட். டைப்ரைட்டரின் மூளை என்று எதையாவது சொல்ல வேண்டுமானால் இதைத்தான் சொல்ல வேண்டும். ரப்பர் உருளையையும் காகிதத்தையும் தாங்கி நகரும் பகுதியான கேரேஜை ஒரு முதன்மை ஸ்பிரிங் எப்போதும் இடப்பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கிறது. அதை ஓடவிடாமல் பிடித்து, ஒரு கீக்கு ஓர் அடி என்று விடுவிப்பது எஸ்கேப்மென்டின் வேலை. அந்த ஓர் அடி, பைக்கா அளவு எழுத்துள்ள பொறியில் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2.54 மில்லிமீட்டர், அதைவிடச் சிறிய எலீட் எழுத்துள்ள பொறியில் பன்னிரண்டில் ஒரு பங்கு.

கேரேஜின் பற்சட்டத்தோடு இணைந்து ஒரு பற்சக்கரம் சுழல்கிறது. அதைப் பிடிக்க இரண்டு பிடிகள். ஒன்று விறைப்பானது, இன்னொன்று பக்கவாட்டில் கொஞ்சம் அசையும், அதற்கென்று ஒரு குட்டி ஸ்பிரிங்கும் உண்டு. ஓய்வில் சக்கரத்தைப் பிடித்திருப்பது அசையும் பிடி. டைப் பார் உருளையை நெருங்கும்போது, எல்லாப் பார்களுக்கும் பொதுவான ஒரு வளைகம்பியைத் தள்ளுகிறது. உடனே அசையும் பிடி சக்கரத்தை விட்டு விலக, விறைப்பான பிடி அந்த இடத்துக்கு வந்து சக்கரத்தை நிறுத்துகிறது. விடுபட்ட பிடியோ தன் குட்டி ஸ்பிரிங்கின் தள்ளலில் அடுத்த பல்லுக்கு நேராக நகர்ந்து காத்திருக்கிறது. விரலை எடுத்ததும் பிடிகள் மறுபடி இடம் மாறுகின்றன, கேரேஜ் ஒரு பல் நகர்ந்து நிற்கிறது. கடிகாரத்தின் டிக்டிக்கும் இதே குடும்பத்துச் சத்தம்தான். டெட் கீ எனப்படும் நகராத கீயை அழுத்தினால் அச்சு விழும், பொதுக் கம்பி மட்டும் தள்ளப்படாது. பிரெஞ்சு எழுத்துகளின் மேல் குறிகளும் தமிழ்த் தட்டச்சின் புள்ளியும் இப்படித்தான் விழுகின்றன.

இந்த அமைப்பு புரிந்தால் கோளாறு எங்கே என்று கழற்றாமலேயே கண்டுபிடிக்கலாம். ஸ்பேஸ் பார் அதே எஸ்கேப்மென்டை வேறு வழியாக இயக்குகிறது. ஸ்பேஸ் பாரில் கேரேஜ் ஒழுங்காக நகர்ந்து, எழுத்துக் கீகளில் மட்டும் நகரவில்லையென்றால், பழுது பொதுக் கம்பியின் பக்கம். இரண்டிலும் நகரவில்லையென்றால் முதன்மை ஸ்பிரிங்கையோ, அதன் இழுகயிற்றையோ, கேரேஜ் ஓடும் தண்டவாளத்தையோ பார்க்க வேண்டும். இரண்டு அடியாகத் தாவினால் அந்தக் குட்டி ஸ்பிரிங்கையும் அசையும் பிடியின் நுனியையும் பார்க்க வேண்டும்; பசை பிடித்திருக்கலாம், தேய்ந்தும் இருக்கலாம். கேரேஜ் அடியோடு அசைய மறுத்தால்? எடுத்துச் செல்லும்போது ஆடாமலிருக்க வைத்த கேரேஜ் பூட்டு போட்டபடியே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பூட்டை மட்டும் போட்டுவிட்டு “பழுதடைந்தது” என்று விற்கப்படும் பொறிகள் உண்டு!

வரியின் தொடக்கத்தில் நன்றாக ஓடி முடிவில் எழுத்துகள் நெருங்கினால் அதற்கும் காரணம் உண்டு. கேரேஜ் இடப்பக்கம் போகப் போக முதன்மை ஸ்பிரிங்கின் சுருள் தளர்கிறது, வரியின் கடைசியில் அதன் இழுவை மிகக் குறைவு. அங்கே தண்டவாளத்தின் உராய்வு அதை வென்றுவிடுகிறது. முதலில் தண்டவாளத்தைத் துடைக்க வேண்டும். அதற்குப் பிறகும் நெருங்கினால் மட்டும் ஸ்பிரிங்கை ஒரு சுற்று கூட்டலாம். அளவுக்கு மீறி முறுக்கினால் கேரேஜ் முரட்டுத்தனமாக ஓடித் தாவத் தொடங்கும், கேரேஜைத் திருப்பித் தள்ளவும் கை வலிக்கும்.

இழுகயிறு அறுந்திருந்தால் உறுதியான மீன்பிடி நரம்பு நல்ல மாற்று. ஸ்பிரிங் இருக்கும் உருளைப்பெட்டியைச் சில சுற்று முறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் கயிற்றை மாட்ட வேண்டும். பாதியில் கைநழுவினால் சுருள் சுழன்று பிரியும், விரலையும் பதம் பார்க்கும், உள்முனை கொக்கியிலிருந்து கழன்றாலும் கழன்றுவிடும். பழைய கயிற்றைக் கழற்றும்போதும் இதே ஜாக்கிரதை வேண்டும்.

சரி, இவ்வளவும் முடிந்த பிறகும் எழுத்து கோணலாக விழுந்தால்தான் திருப்புளிக்கு வேலை. அதிலும் வரிசை முக்கியம், ஏனென்றால் ஒரு அளவை மாற்றினால் அடுத்தடுத்த அளவுகளும் நகரும்.

முதல் அளவு, அச்செழுத்துக்கும் உருளைக்கும் உள்ள தூரம். பார் முன்னே வரும்போது செக்மெண்டின் விளிம்பில் இடித்து நிற்க வேண்டும். அச்செழுத்து காகிதத்தைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். விளிம்புக்கும் பாருக்கும் இடையே ஒரு காகிதக் கீற்றை வைத்து, பாரைக் கையால் அழுத்திப் பிடித்துக் கீற்றை இழுத்தால் அது இறுக்கமாகப் பிடிபட வேண்டும். உருளைக்கும் அச்செழுத்துக்கும் இடையே வைத்த கீற்று லேசாகத்தான் பிடிபட வேண்டும். இரண்டாவதும் இறுக்கமாக இருந்தால் உருளை மிக அருகில் இருக்கிறது. எழுத்துகள் காகிதத்தைப் பொத்தலாக்கும்.

இரண்டாவது, மட்டம். ஷிப்ட் கீயை அழுத்தும்போது சில பொறிகளில் செக்மெண்ட் இறங்குகிறது (லெட்டெரா 22 இந்த வகை), சிலவற்றில் கேரேஜ் உயர்கிறது (ஹெர்மிஸ் பேபி). எதுவானாலும் மேலே ஒரு தடை, கீழே ஒரு தடை, இரண்டுக்கும் ஸ்க்ரூவும் லாக் நட்டும் இருக்கும். முதலில் சிறிய எழுத்துகளின் தலையும் காலும் ஒரே கருமையில் விழுமாறு அதற்குரிய தடையை வைத்து, அதன் பிறகு பெரிய எழுத்துகளை அந்த மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். பெரிய எச், சிறிய எச், மறுபடி பெரிய எச் என்று மாறி மாறி அடித்தால் எழுத்துகளின் அடிப்பகுதி ஒரே நேராக இருக்கிறதா என்பது பளிச்சென்று தெரியும். கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருப்ப வேண்டாம்.

கடைசியாக, கேரேஜ் விடுபடும் தருணம். ஒரு கீயை மிக மெதுவாக அழுத்தினால், அச்செழுத்து உருளையைத் தொடச் சில மில்லிமீட்டர் இருக்கும்போது எஸ்கேப்மென்ட் கிளிக் என்று விட வேண்டும். தாமதமானால் மென்மையான தட்டலுக்குக் கேரேஜ் நகராது. மிக முன்னதாக விட்டால் எழுத்து இரட்டை நிழலோடு விழும். ஒரே ஒரு எழுத்து மட்டும் தனியாகச் சரிந்திருந்தால் அது வேறு கணக்கு. பாரை வளைத்து நிமிர்த்த அதற்கென்றே இடுக்கிகள் இருக்கின்றன. சாதாரண இடுக்கியால் முயன்று நல்ல பாரையும் கெடுப்பதைவிட அந்தச் சரிவோடு வாழ்வது மேல்.

ரப்பர் உருளை மனிதத் திறமைக்கு அதிகம் கட்டுப்படாத பகுதி. கந்தகத்தால் பதப்படுத்திய ரப்பரில், வருடங்கள் போகப் போக ஆக்சிஜன் புதிய பிணைப்புகளை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. ரப்பர் மீள்தன்மையை இழக்கிறது. இறுகிய உருளையில் மோதல் மிகக் குறுகிய நேரத்தில் முடிவதால் உச்ச விசை கூடுகிறது: சத்தம் அதிகம், முற்றுப்புள்ளி காகிதத்தைத் துளைக்கிறது. உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் மேற்பரப்பின் வழுவழுப்பு போய்ப் பிடிப்பு திரும்பும், மென்மை திரும்பாது. மலிவான நிவாரணம், அடிக்கும் காகிதத்துக்குப் பின்னால் இன்னொரு தாளை வைப்பது. புதிய ரப்பர் போடக் கொடுத்தால் விட்டத்தைத் துல்லியமாகச் சொல்லிக் கொடுங்கள். வரி இடைவெளி என்பது உருளை ஒரு குறிப்பிட்ட கோணம் சுழல்வதுதான். விட்டம் மாறினால் வரிகளின் தூரமும் மாறும், மேலே பார்த்த முதல் அளவும் கெடும். கீழேயுள்ள சிறு உருளைகள் தட்டையாகிக் காகிதம் வழுக்கினால், சூட்டில் சுருங்கும் மின்கம்பி உறையை அவற்றின் மேல் போர்த்திச் சரிசெய்யலாம்.

ரிப்பன் பெரும்பாலான பொறிகளில் அரை அங்குல அகலம்தான், புதிதாகவும் கிடைக்கிறது. ஆனால் வாங்கும்போது இரு முனைகளுக்கு அருகிலும் சிறு உலோக வளையம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல பொறிகளில் ரிப்பன் ஒரு ஸ்பூலில் தீரும் நேரத்தில் அந்த வளையம்தான் கவை போன்ற ஒரு கம்பியைத் தள்ளி, ஓட்டத்தின் திசையை மாற்றுகிறது. வளையம் இல்லாவிட்டால் ரிப்பன் கடைசியில் விறைத்து நின்றுவிடும், எல்லா எழுத்துகளும் ஒரே இடத்தில் விழுந்து அந்த இடம் வெளுத்துக் கிழியும். அப்படிப்பட்ட ரிப்பனில் வளையத்துக்குப் பதிலாக ஒரு முடிச்சு போட்டாலும் பல பொறிகள் ஏற்றுக்கொள்கின்றன.