விப், கொறடா: ஒரு சொல்லும் அதன் மூன்று பொருள்களும்

பிரிட்டிஷ் அரசியல் செய்திகளைத் தமிழாக்குவோர் அடிக்கடி தடுமாறும் சொல், ஆங்கிலத்தில் சாட்டையைக் குறிக்கும் 'விப்'. 2019 செப்டம்பர் 3ஆம் நாள் இரவு, ஒப்பந்தம் ஏதுமின்றி ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நாடு வெளியேறுவதைத் தடுக்கும் முயற்சிக்கு ஆதரவாக வாக்களித்த கன்சர்வேடிவ் உறுப்பினர்கள் 21 பேர் 'விப்பை இழந்தார்கள்'. முன்னாள் நிதியமைச்சர்களான கென்னத் கிளார்க், ஃபிலிப் ஹாமண்ட் ஆகியோரும், வின்ஸ்டன் சர்ச்சிலின் பேரன் நிக்கோலஸ் சோம்ஸும் அவர்களுள் அடங்குவர். இதைக் 'கொறடாவை இழந்தார்கள்' என்று எழுதினால், அவர்களுடைய கொறடா இறந்துவிட்டார் என்றே படிப்பவர் எண்ணக்கூடும். 'சாட்டையை இழந்தார்கள்' என்றாலோ பொருளே கிடைக்காது.

இச்சொல் நரி வேட்டைக் களத்தில் பிறந்தது. வேட்டை நாய்க் கூட்டத்திலிருந்து விலகி ஓடும் நாய்களைச் சாட்டையால் மடக்கி மீண்டும் கூட்டத்தோடு சேர்ப்பதற்கென்றே ஓர் உதவியாளர் இருப்பார். அவரை 'விப்பர்-இன்' என்பார்கள். 1769இல் நாடாளுமன்ற உறுப்பினர் எட்மண்ட் பர்க், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையில் பேசியபோது, அமைச்சர்கள் தம் ஆதரவாளர்களைத் தொலைவிலிருந்தெல்லாம் வரவழைத்துத் திரட்டியதை இந்த வேட்டைச் சொல்லால் குறித்தார் என்பது பலரும் காட்டும் பழைய சான்று. பிரிந்து போனதைத் தேடிப் பிடித்துக் கூட்டத்தில் சேர்ப்பதுதான் இச்சொல்லின் உயிர். அடிப்பது அதற்கு ஒரு கருவி மட்டுமே. தமிழ்ச் சொல்லைத் தேடும்போது இதை மறக்கலாகாது.

நாடாளுமன்றத்துக்குள் வந்த பின் இச்சொல் மூன்று பொருள்களைப் பெற்றது. கட்சி உறுப்பினர்களை வாக்கெடுப்புக்குத் திரட்டுபவர் விப்; அவர் வாரந்தோறும் உறுப்பினர்களுக்கு அனுப்பும் அலுவல் தாளும் விப். அத்தாளில் ஒவ்வோர் அலுவலின் கீழும் ஒரு கோடோ இரண்டோ மூன்றோ இடப்படும். மூன்று கோடு இருந்தால் வந்தே தீர வேண்டும், கட்சி சொல்லும் பக்கமே வாக்களிக்கவும் வேண்டும். அந்தத் தாளைப் பெறும் உரிமை, அதாவது கட்சியின் நாடாளுமன்றக் குழுவில் இருக்கும் தகுதி, மூன்றாவது பொருள். அந்த 21 பேர் இழந்தது இதைத்தான்.

முதற்பொருளின் முழுக் கனத்தையும் உணர 1979 மார்ச் 28ஆம் நாள் இரவைப் பார்க்க வேண்டும். ஜேம்ஸ் கலஹனின் தொழிற்கட்சி அரசின் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. அக்கட்சியின் உறுப்பினர் ஆல்ஃபிரட் பிராட்டன் சாகும் தறுவாயில் இருந்தார். நோயுற்றவர் ஆம்புலன்ஸில் வந்து நாடாளுமன்ற வளாகத்துக்குள் இருந்தாலே அவர் வாக்கைக் கணக்கில் சேர்க்கும் வழக்கம் உண்டு; ஆனால் வழியிலேயே உயிர் போய்விடலாம் என்பதால், அவரை அழைத்து வர வேண்டாம் என்று கலஹன் முடிவு செய்தார். எதிரெதிர்க் கட்சியினர் இருவர் ஒருவருக்கு ஒருவராக வாக்களிக்காமல் விலகி நிற்கும் ஏற்பாட்டைத் தொழிற்கட்சியின் துணைத் தலைமைக் கொறடா வால்டர் ஹாரிசன் நாடியபோது, கன்சர்வேடிவ் தரப்பின் துணைத் தலைமைக் கொறடா பெர்னார்ட் வெதரில் தாமே விலகி நிற்க முன்வந்தார். அவருடைய அரசியல் வாழ்வே அதனால் முடிந்துபோகும் என்றுணர்ந்த ஹாரிசன், அந்தக் கடமையிலிருந்து அவரை விடுவித்தார். தீர்மானம் 311க்கு 310 என்ற கணக்கில் நிறைவேறியது. அரசு ஒரே வாக்கில் கவிழ்ந்தது. மே மாதத் தேர்தலில் மார்கரெட் தாட்சர் ஆட்சிக்கு வந்தார். பிராட்டன் ஏப்ரல் 2ஆம் நாள் இறந்தார். சாட்டை ஏந்துபவர்கள் என்று பெயர் பெற்ற இருவரும் அன்று ஒருவர் சொல்லை ஒருவர் மதித்து நடந்துகொண்டதை எண்ணும்போது எனக்கு இன்றும் நெஞ்சு நெகிழ்கிறது.

இனித் தமிழ்ச் சொல். 'கொறடா' ஒலியில் 'குறடு' என்னும் இடுக்கியை நினைவூட்டினாலும் அதனோடு உறவில்லாதது. சாட்டையைக் குறிக்கும் மராத்திய 'கோரடா'விலிருந்து வந்து, தமிழிலும் முதலில் குதிரைச் சவுக்கையே குறித்தது. பின்னரே சட்டமன்றப் பதவியின் பெயராயிற்று. இரவல் சொல் என்று சிலர் இதை ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூலச் சொல்லைப் போலவே கருவியின் பெயர் ஆளுக்கு ஆகிவந்த சொல் இது. 'அரசு கொறடா', 'தலைமைக் கொறடா' என்று செய்தி வாசிக்கும் எவருக்கும் தெரிந்தது. இலங்கை நாடாளுமன்றம் தலைமைக் கொறடாவை 'முதற்கோலாசான்' என்கிறது. கோலேந்திய ஆசான் என விரியும் இச்சொல் அழகானதே. எனினும் ஆசானுக்கும் மாணவனுக்கும் இடையிலான உறவைத்தான் அது காட்டுகிறது, பேசிப் பணிய வைத்துக் கூட்டம் சேர்க்கும் வேலையைக் காட்டவில்லை.

ஆகவே ஆளுக்குக் 'கொறடா' என்பதும், தாளுக்குக் 'கொறடா உத்தரவு' என்பதும் போதும். மூன்று கோடிட்டதை 'மூன்று கோட்டு உத்தரவு' எனலாம். மூன்றாம் பொருளுக்கு மட்டும் சொல்லுக்குச் சொல் தேடாமல், 'கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து நீக்கப்பட்டார்' என்று விரித்து எழுதுவதே சரி. இங்கே இன்னொரு பிழைக்கும் இடமுண்டு. இந்தியாவில் 1985இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணைப்படி, கொறடா உத்தரவை மீறுபவர் தம் பதவியையே இழக்க நேரிடும். பிரிட்டனில் அப்படி இல்லை. நீக்கப்பட்டவர் தம் தொகுதியின் உறுப்பினராகவே தொடர்ந்து, சுயேச்சையாக அமர்கிறார். 2024 ஜூலையில், குழந்தைகளுக்கான உதவித்தொகையை இரண்டு பிள்ளைகளோடு நிறுத்தும் வரம்பை நீக்கக் கோரி வாக்களித்த தொழிற்கட்சியினர் 7 பேர் விப்பை இழந்த செய்தியை எழுதுபவர், 'பதவி பறிபோனது' என்று எழுதக்கூடாது. 'கட்சியின் நாடாளுமன்றக் குழுவிலிருந்து ஆறு மாதங்களுக்கு இடைநீக்கம் செய்யப்பட்டனர்' என்றே எழுத வேண்டும்.