காலடியில் தலைகீழாகும் கியர்

மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் 15 வளைவுகள். அவற்றில் இடப்பக்கம் திரும்புபவை 5 மட்டுமே. அந்த 5-ல் ஒன்று கடைசி வளைவு. கொண்டை ஊசியாக மடங்கும் அதை மோட்டார் சைக்கிளில் தாண்டினால் நீண்ட நேர்ப்பாதை. அதில் எவ்வளவு வேகம் எட்டலாம் என்பது, வளைவின் பாதியிலேயே ஆக்சிலேட்டரை எவ்வளவு துணிந்து முறுக்குகிறோம் என்பதைப் பொறுத்தது. வண்டி நிமிர்வதற்குள் எஞ்சின் சுழற்சி உச்சத்துக்குப் போய்விடும். அடுத்த கியர் போட்டே ஆக வேண்டும். வழக்கமான அமைப்பில் அதற்கு இடக்கால் விரல்களைப் பெடலுக்கு அடியில் நுழைத்து மேலே தூக்க வேண்டும். இடப்பக்கம் அவ்வளவு சாய்ந்த நிலையில் பெடலுக்கும் தரைக்கும் நடுவில் காலணி நுழைய இடமிருக்காது. பெடலுக்கு மேலே இருக்கும் காலால் மிதிக்க மட்டும் முடியும்.

இதனால்தான் பந்தய வண்டிகளில் கியர் வரிசையைத் தலைகீழாக்குகிறார்கள். சாலை வண்டியில் முதல் கியர் கீழே, மற்ற ஐந்தும் மேலே. பந்தய வண்டியில் முதல் கியர் மேலே, மற்ற ஐந்தும் கீழே. வார இறுதியில் செப்பாங் சென்று ஓட்டும் சிங்கப்பூர் இளைஞர்கள் சிலரும் இதைக் கேட்டு உபி, காக்கி புக்கிட் பணிமனைகளுக்கு வருகிறார்கள். கியர்பாக்ஸையே பிரிக்க வேண்டியிருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் மூடியைக்கூடத் திறக்க வேண்டியதில்லை.

உள்ளே நடப்பதைப் பார்த்தால் காரணம் புரியும். மோட்டார் சைக்கிளின் கியர்பாக்ஸில் பற்சக்கரங்கள் எல்லா நேரமும் ஜோடி ஜோடியாகக் கோத்தபடியே சுழல்கின்றன. எந்த ஜோடி விசையைக் கடத்த வேண்டும் என்பதை முடிவு செய்வது ஓர் உருளை. அதன் மேற்பரப்பில் வளைந்து நெளிந்த பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். உருளை ஒரு படி சுழன்றால், பள்ளத்தில் அமர்ந்திருக்கும் கவைகள் பக்கவாட்டில் நகர்ந்து ஒரு சக்கரத்தை விடுவித்து இன்னொன்றைப் பூட்டும். ஆறு கியர் வண்டிகளில் ஒரு படி என்பது பொதுவாக 60 பாகை. முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவே அரைப்படியில் நியூட்ரல். அந்த உருளையைத் தள்ளுவது ஒரு சிறு தண்டு. அதன் முனைதான் எஞ்சினின் இடப்பக்கத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கால் மேலே போகிறதா கீழே போகிறதா என்பது உருளைக்குத் தெரியாது. தண்டு வலஞ்சுழியாகத் திரும்பினால் ஒரு பக்கம் நகரும், இடஞ்சுழியாகத் திரும்பினால் மறுபக்கம் நகரும்.

ஆகவே வேலை முழுவதும் வெளியே தெரியும் ஒரு சாண் இரும்பில்தான். தண்டின் முனையில் ஒரு சிறு கை பொருத்தப்பட்டிருக்கும். அந்தக் கையையும் பெடலையும் ஒரு கம்பி இணைக்கிறது. சைக்கிள் பெடல் முன்பக்கம் இருக்கும்போது அழுத்தினால் முன்னோக்கிச் சுழலும், பின்பக்கம் இருக்கும்போது அழுத்தினால் பின்னோக்கிச் சுழலும் அல்லவா? அதே கணக்குதான் இங்கும். கையைக் கழற்றி, தண்டின் மறுபக்கம் பார்க்கும்படி 180 பாகை திருப்பி மாட்டினால் எல்லாம் தலைகீழாகிவிடும். எஞ்சின் மூடியோ சட்டமோ இடிப்பதால் அதற்கு இடமில்லாத வண்டிகளும் உண்டு. அவற்றில் பெடல் பக்கம் மாற்றலாம். கம்பியின் மறுமுனையைப் பெடல் அச்சுக்கு மறுபுறம் உள்ள துளையில் மாட்ட வேண்டும். கடைகளில் விற்கும் பந்தயக் கால்தாங்கிகள் பலவற்றில் இதற்கென்றே இரண்டு துளைகள் இருக்கின்றன. நேரடியாகத் தண்டிலேயே பெடல் மாட்டப்பட்ட சிறிய வண்டிகளில் இந்த வசதி கிடையாது. அவற்றுக்குக் கம்பி இணைப்பையே புதிதாகச் சேர்க்க வேண்டும்.

எந்த முனையில் மாற்றினோம் என்பதற்கும் ஒரு விளைவு உண்டு. கிளட்ச் பிடிக்காமலே கியர் மாற்ற உதவும் குவிக்‌ஷிஃப்டரின் உணரி பல வண்டிகளில் அந்தக் கம்பியில்தான் உட்கார்ந்திருக்கிறது. கம்பி அழுந்துகிறதா இழுபடுகிறதா என்பதைக் கொண்டே அது கியர் மாற்றத்தை அறிகிறது. பெடல் பக்கம் மாற்றினால், மேல் கியருக்குக் கம்பியில் விழும் விசை முன்பிருந்த திசையிலேயே இருக்கும். தண்டின் பக்கம் மாற்றினால் அழுத்தம் இழுப்பாகிவிடும், உணரியின் அமைப்பையும் மாற்றியாக வேண்டும். இதைச் சரிபார்க்காமல் ஓட்டிவிட்டு, உணரி பழுது என்று முடிவுகட்டுபவர்கள் இருக்கிறார்கள்.

இனி நுணுக்கமான இடம். தண்டின் முனையை விரலால் தொட்டுப் பார்த்தால் சுற்றிலும் மெல்லிய வரிப்பற்கள் தென்படும். அதில் மாட்டும் சிறு கையின் துளையிலும் அதே பற்கள். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் கோணம் மாறிவிடும். கால் படாத நிலையில் கையும் கம்பியும் ஒன்றுக்கொன்று 90 பாகையில் நிற்க வேண்டும். அப்போதுதான் காலின் விசை முழுவதும் திருப்பு விசையாகும். 60 பாகையில் நின்றால் 87 விழுக்காடுதான் பயன்படும். அதைவிடப் பெரிய தொல்லை, மேலே போகும் வீச்சும் கீழே போகும் வீச்சும் சமமாக இருக்காது. ஒரு பக்கம் கியர் சுலபமாக விழும், மறுபக்கம் பாதியில் நிற்கும். பாதியில் நின்ற கியர் விலகிக்கொள்ளும், நாளடைவில் பூட்டும் பற்களின் முனை மழுங்கும், கவையும் வளையக்கூடும். கம்பியின் ஒரு முனையில் வலத்திருகும் மறுமுனையில் இடத்திருகும் வெட்டியிருப்பது இதற்காகவே. கழற்றாமலே கம்பியைச் சுழற்றி நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்.

முடித்ததும் பின்சக்கரத்தைத் தாங்கியில் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்த நிலையில் சக்கரத்தைக் கையால் சுழற்றியபடியே எல்லாக் கியர்களையும் மேலும் கீழும் போட்டுப் பார்க்க வேண்டும். பெடல் முழு வீச்சிலும் பக்கத் தாங்கியில் இடிக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் பெடல் தன் பழைய இடத்துக்குத் திரும்பினால்தான் அடுத்த கியர் விழும்.

சாலையிலும் இப்படி வைத்துக்கொள்ளலாமா? சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில் ஓட்டுபவருக்கு இதனால் பெரிய பயன் இல்லை என்பதே என் கருத்து. பெடலுக்கு அடியில் கால் நுழையாத அளவுக்கு அங்கே யாரும் சாய்வதில்லை. பழக்கத்தின் ஆபத்தோ பெரிது. இரண்டாம் கியரின் விகிதம் 2.0, மூன்றாவதன் விகிதம் 1.6 என்று வைத்துக்கொள்வோம். மூன்றாவதில் நிமிடத்துக்கு 12,000 சுழற்சியில் போகும்போது, நான்காவதை நினைத்துப் பழைய பழக்கத்தில் பெடலைத் தூக்கினால் விழுவது இரண்டாவது. சுழற்சி அந்த விகிதங்களின்படி ஒரே நொடியில் 15,000-ஐ நோக்கிப் பாயும். சுழற்சி வரம்புக் கருவி எரிபொருளையோ தீப்பொறியையோதான் நிறுத்தும், இங்கே எஞ்சினை இழுத்துச் சுழற்றுவது பின்சக்கரம். வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் வந்து மோதலாம், சக்கரம் வழுக்கலாம்.

எல்லோருக்கும் இந்தத் திசை அந்நியமானதன்று. மலேசியாவின் ஜோகூரிலிருந்து தினமும் கடற்பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்கு வருவோரில் பலர் ஓட்டும் ஹோண்டா இஎக்ஸ்5 போன்ற சிறு வண்டிகளில் விரலால் மிதித்தால் மேல் கியர், குதிகாலால் மிதித்தால் கீழ் கியர். தமிழ்நாட்டில் பழைய புல்லட் ஓட்டியவர்களுக்கு முதல் கியர் மேலே இருப்பதுதான் இயல்பு, ஆனால் அது வலக்காலில். சிறு மோட்டார் சைக்கிள்களுக்கான வகுப்பு 2பி உரிமத்துக்குச் சிங்கப்பூரில் பழகியவர்களின் கால்தான் தடுமாறும். சிக்னலில் நியூட்ரலில் நின்றுவிட்டு, பச்சை விழுந்ததும் முதல் கியர் என்று மிதிப்பார்கள். விழுவது இரண்டாவது, வண்டி அணைந்துவிடலாம். மாற்றிய வண்டியை நண்பரிடம் கொடுக்கும்போது, சாவியை நீட்டுவதற்கு முன் கியர் வரிசையைச் சொல்லிவிடுங்கள். டாங்கின் மேல் ஒரு ஒட்டியும் ஒட்டி வையுங்கள்.