குவாசிபார்ட்டிகிள்னா போலித்துகள் இல்லங்க

சமீபத்துல கேட்ட ஒரு இயற்பியல் பேச்சுலயும் குவாசிபார்ட்டிகிளுக்குத் தமிழ்ல அதே 'போலித்துகள்'. எத்தனாவது தடவைன்னு தெரியல, ஆனா இந்தத் தடவை பக்கத்துல இருந்த பையன் "அப்ப இது நிஜத்துல கிடையாதா"ன்னு கேட்டான், அதான் எழுதிடலாம்னு.

குவாசி லத்தீன் சொல்லு, 'அது மாதிரி'ன்னு அர்த்தம், அவ்ளோதான். திடப்பொருளுக்குள்ள கோடானுகோடி எலக்ட்ரானும் அணுவும் ஒண்ண ஒண்ணு இழுத்துத் தள்ளிக்கிட்டு இருக்கு. அந்தக் கூட்டத்தோட அசைவ, தனக்குன்னு ஆற்றலும் உந்தமும் வச்சிருக்கிற ஒத்தத் துகள் ஓடுற மாதிரி எழுத முடிஞ்சா அது குவாசிபார்ட்டிகிள். 1941ல சோவியத் இயற்பியலாளர் லாண்டாவ் மீப்பாய்ம ஹீலியத்த, அதாவது உராய்வே இல்லாம ஓடுற திரவ ஹீலியத்த, இந்த வழியிலதான் விளக்கினாரு.

துளை (ஹோல்)னு சொல்ற குவாசிபார்ட்டிகிளையே எடுத்துக்கங்க. வரிசையில ஒரு சீட் காலி, பக்கத்து ஆள் அதுல நகர்ந்து உக்காருறாரு, அடுத்தவரு அவரு இடத்துக்கு வராரு, பாத்தா காலியிடம் எதிர்ப்பக்கமா நடந்து போகுது. செமிகண்டக்டர்ல எலக்ட்ரான் இல்லாத அந்த இடம் பாசிட்டிவ் சார்ஜ் உள்ள துகளாவே நடந்துக்குது, டயோடோட பி பக்கத்துல, அதாவது துளைங்க அதிகமா இருக்கிற பக்கத்துல, கரண்ட்ட சுமக்கிறதே முக்கியமா அதுதான். கேலியம் ஆர்சனைடுங்கிற செமிகண்டக்டருக்குள்ள ஓடுற எலக்ட்ரானும் இப்படி ஒரு குவாசிபார்ட்டிகிள்தான், வெளிய இருக்கிற எலக்ட்ரான்ல 0.067 பங்கு நிறைதான் இருக்கிற மாதிரி ஓடுது. இத அளந்து பாத்திருக்காங்க. இதப் போய் போலின்னா எப்படி?

போலி டாக்டர், போலி பத்திரம், இதான இன்னிக்கு அந்தச் சொல்லு காதுல விழுற விதம். இலக்கணத்துல ஐந்து அஞ்சுன்னு ஆகுறதும் போலிதானே, பொருள் மாறலையேன்னு சிலர் வாதாடுறாங்க. சரிதான், 'போல்'ங்கிற வேர்ல நல்ல அர்த்தம் இருக்கு, ஆனா கேக்குறவன் நன்னூல் நெனப்புலயா உக்காந்திருக்கான்? அதவிடப் பெரிய சிக்கல், சூடோ சயின்ஸுக்கும் போலி அறிவியல்னு அதே சொல்லத்தான் வச்சிருக்கோம். ஏமாத்து வேலைக்கும் லாண்டாவோட கோட்பாட்டுக்கும் ஒரே முத்திரையா? அகராதியில முதல்ல கண்ணுல பட்டத எடுத்து ஒட்டுற மொழிபெயர்ப்பாளருங்க அந்தத் துகள் என்ன செய்யுதுன்னு ஒரு பத்தியாவது படிச்சிருக்கலாம். இன்னும் சிலர் 'மெய்நிகர் துகள்'னு போடுறாங்க, அது விர்ச்சுவல் பார்ட்டிகிள், முழுக்க வேற விஷயம். 'அரைத்துகள்'னும் பாத்தேன், எதுல பாதி?

நான் 'துகளொப்பி'ன்னு எழுதுறேன். துகள ஒத்து நடக்கிறது, அவ்ளோதான் அதுல இருக்கு. அது பிடிக்கலன்னா குவாசித்துகள்னே எழுதுங்க, தூய தமிழ் இல்லதான், ஆனா அந்தப் பையன் கேட்ட கேள்விய யாரும் திரும்பக் கேக்க மாட்டாங்க.