'சட்ட நிறுவனம்' என்ன தயாரிக்கிறது?

கோபியில் அத்தை வீட்டில், தமிழில் பேசவைத்த ஒரு வெளிநாட்டு நகைச்சுவைத் தொடர் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா, இரண்டு மகன்கள், மருமகள், நாலு பேரும் வக்கீல்கள். அரை மணி நேரத்தில் பதினோரு தடவை 'நமது சட்ட நிறுவனம்' என்றார்கள். விரல் விட்டு எண்ணினேன். அத்தை என்னைப் பார்த்து, "ஏங் கண்ணு, அங்க என்ன சாமான் பண்றாங்க? பனியன் கம்பெனியாட்டவா?" என்றார்.

மூலத்தில் இருப்பது 'லா ஃபர்ம்'. ஃபர்ம் லத்தீனில் 'உறுதிப்படுத்து' என்ற வினையில் தொடங்கி, இத்தாலியத்தில் கையெழுத்தாகி, வணிகப் பெயராகி, அப்புறம் அந்தப் பெயரில் தொழில் நடத்துகிறவர்களையே குறித்தது. நம் 1932ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 4ஆம் பிரிவும் அதையே சொல்கிறது: கூட்டுச் சேர்ந்தவர்கள் தனித்தனியே கூட்டாளிகள், மொத்தமாக ஃபர்ம். ஆக, அது ஆட்களின் கூட்டு.

'நிறுவனம்' என்ற சொல்லில் இந்த ஆட்கள் எங்கே? கம்பெனியும் நிறுவனம், ஆராய்ச்சிக்கூடமும் நிறுவனம், தொண்டு அமைப்பும் நிறுவனம். சட்டக் கல்லூரியில் சட்டம் படிக்கிறார்கள். சட்டப் பேரவையில் சட்டம் இயற்றுகிறார்கள். சட்ட நிறுவனத்தில் சட்டத்தை என்ன செய்கிறார்கள்? அந்தச் சொல்லில் வழக்கும் இல்லை, வழக்காடுகிறவரும் இல்லை. கம்பெனி என்று அத்தை எடுத்துக்கொண்டதில் தப்பே இல்லை, சொல் அப்படித்தான் காட்டுகிறது. ஆனால் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி ஆள்தான் வழக்கறிஞராகப் பதிய முடியும், கம்பெனி முடியாது.

அதே தொடரில் மூத்த மகன், "நான் இங்கே பங்குதாரர்" என்கிறான். பங்குதாரர் கம்பெனியில் பங்கு வாங்கியவர். கூட்டுத் தொழில் செய்கிறவர் கூட்டாளி. மேல்நிலை வகுப்பு வணிகவியல் புத்தகத்திலேயே இருக்கிறது. 'பங்காளி' என்றும் போட்டுவிடாதீர்கள். கொங்கு நாட்டில் பங்காளி என்றால் தாயாதி. வரப்புத் தகராறில் எதிர்க்கட்சியாகக் கோர்ட்டுக்கு வருகிறவரும் பல நேரம் அவர்தான்.

கட்டுரையிலும் செய்தியிலும் 'வழக்கறிஞர் கூட்டாண்மை' என்று எழுதலாம். தொடரில், வீட்டுப் பேச்சில், 'வக்கீல் ஆபீஸ்' போதும். வக்கீல் அரபுச் சொல் என்று தனித்தமிழ் அன்பர்கள் வருத்தப்படுவார்கள். ஈரோட்டுக் கோர்ட்டு வாசலில் கட்சிக்காரர் எவரும் அந்தச் சொல்லுக்கு அகராதி தேடியதில்லை. தூய தமிழ் எனக்கும் வேண்டும். ஆனால் புரிகிற வேற்றுச் சொல்லை எடுத்துவிட்டுப் புரியாத தமிழ்ச் சொல்லை வைப்பது தமிழுக்குச் செய்கிற உதவி இல்லை.

1916இல் சேலத்தில் அறிவியல் சொற்களைத் தமிழாக்கச் சங்கம் கூட்டிய ராஜாஜியே ஒரு வக்கீல்தான். பொருளை அறிந்து சொல் தேடிய ஊர் இது. இன்றைய மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லுக்குச் சொல் வைத்துவிட்டு அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறார்கள். அத்தைக்கு நான் "வக்கீல் ஆபீஸுங்க அத்தை, அப்பனும் மகனுமா நடத்தறாங்க" என்றேன். "அதைச் சொல்றதுக்கென்ன?" என்று டிவியைப் பார்த்துக் கேட்டார்.