தொப்புள் காயாத சுறாக் குட்டிகள்

போன வாரம் விடிகாலையில் மீன் ஏலக்கூடத்துக்குப் போயிருந்தேன். ஒரு விசைப்படகிலிருந்து கூடை நிறைய கொம்பன் சுறாக் (சுத்தியல் தலைச் சுறா) குட்டிகளை இறக்கினார்கள். ஒவ்வொன்றும் ஒரு முழம்தான் இருக்கும். ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். முன்துடுப்புகளுக்கு நடுவே தொப்புள்கொடி அறுந்த கீறல் இன்னும் மூடவில்லை. இந்த மாதத்தில் நான் பார்க்கும் நான்காவது கூடை இது. நாடாவை எடுத்து அளக்கக்கூட மனம் வரவில்லை.

சுறாவை அளந்து பார்க்கும் எங்கள் வேலையில் அந்தக் கீறல் ஒன்றே போதும், குட்டி எங்கே பிடிபட்டது என்று சொல்லிவிடலாம். கொம்பன் சுறா குட்டி போடுவது கரையோரத்து ஆழமில்லாத கடலில். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-லேயே வந்துவிட்டது. கரையோரக் கடல் நாட்டுப்படகுக்காரர்களுக்கு என்றும், விசைப்படகு அங்கே இழுவைமடி (படகு இழுத்துச் செல்லும் பை போன்ற வலை) இழுக்கக் கூடாது என்றும் விதி இருக்கிறது. அப்படியானால் இந்தக் கூடை எப்படி வந்தது?

கேட்டால், "மீன்தானே சார், தடைக்காலம் விட்டால் பெருகிடும்" என்கிறார்கள். கடற்கரையில் மட்டுமல்ல, படித்தவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். பெருகாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மடியை நிறுத்தினால் மத்தி பெருகும். அது பல ஆயிரம் முட்டை போடும், ஒரு வருடத்தில் அடுத்த தலைமுறை தயாராகிவிடும். சுறா அப்படியா? கொம்பன் சுறா குட்டியை ஒன்பது மாதத்துக்கு மேல் வயிற்றில் சுமக்கிறது. நஞ்சுக்கொடி வழியாக ஊட்டம் கொடுத்து வளர்க்கிறது. பால் சுறா ஓர் ஈற்றுக்குப் போடுவது பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து குட்டிதான். பெரிய சுறாக்களில் பல, குட்டி போடும் பருவத்துக்கு வரவே பத்து வருடத்துக்கு மேல் ஆகும். மீன் என்பதை மறந்துவிட்டு மாடு என்று நினைத்துக்கொள்ளுங்கள். கன்றையெல்லாம் விற்றுவிட்டு இரண்டு மாதம் காத்திருந்தால் தொழுவம் நிறையுமா?

1970-லிருந்து ஐம்பது வருடத்தில் பெருங்கடலில் திரியும் சுறா, திருக்கைகளின் எண்ணிக்கை உலக அளவில் 71 சதவீதம் குறைந்துவிட்டது. நம் நாட்டில் 2015-லேயே சுறாப் பீலி (துடுப்பு) ஏற்றுமதிக்குத் தடை வந்துவிட்டது. ஆனாலும் மண்டபம் பக்கம் பீலி மூட்டை பிடிபட்ட செய்தி நிற்கவில்லை.

வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சந்தையில் சின்னச் சுறா எதுவாக இருந்தாலும் 'பால் சுறா' என்றுதான் விற்பார்கள். நீங்கள் புட்டுக்கு வாங்குவது கொம்பன் குட்டியாகவும் இருக்கலாம். குட்டிச் சுறா கேட்காதீர்கள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற சுறாப் புட்டுதான் வேண்டும் என்பதில்லை, குழந்தை அடிக்கடி குடித்தாலே போதும். மீன் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் மத்தி, நெத்திலி கொடுங்கள். பெரிய சுறாவில் பாதரசம் அதிகம், கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் அது வேண்டவே வேண்டாம்.

படகுக்கார அண்ணன்மாரே, உழுவையும் (கிட்டார் மீன்) வேளாவும் (ரம்ப மூக்கு மீன்) 2001-லிருந்தே வனவிலங்குச் சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன. உழுவை தளத்தில் கிடந்தாலும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். உயிரோடு வந்தால் உடனே கடலில் விட்டுவிடுங்கள். குஜராத் மீனவர்கள் வலையை அறுத்துவிட்டு 800-க்கும் மேற்பட்ட திமிங்கலச் சுறாக்களை விடுவித்திருக்கிறார்கள். கொம்பனுக்கு அந்த வாய்ப்பு குறைவு, மடிக்குள்ளேயே சீக்கிரம் செத்துவிடும். அதனால் உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்: தொப்புள் காயாத குட்டி ஒன்று மடியில் வந்தாலும், அந்த இடத்தில் மறுபடி மடி இறக்காதீர்கள். ஆழத்துக்குப் போய்விடுங்கள்.